லினக்ஸ் உங்க கைக்கு எப்படி வந்து சேர்ந்தது? மும்பைக்காரங்க சொல்லுங்க

தாராவியிலிருந்து:

90 அடி ரோடு பக்கம் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறேன். 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்னதுல இருந்து, பழைய லேப்டாப்பைத் தூக்கிட்டு வர்ற பெற்றோர் அதிகமாயிட்டாங்க. போன வாரம் ஒரு அம்மா வந்தாங்க. வீட்டு வேலை செஞ்சு மகளைப் படிக்க வைக்கிறவங்க. லாமிங்டன் ரோட்டுல ஒரு கடையில "புதுசு வாங்குங்க, இல்லைன்னா திருட்டு விண்டோஸ் போட்டுத் தர்றோம்"னு சொல்லி அனுப்பியிருக்காங்க. கேட்டதும் எனக்கு வயிறு எரிஞ்சுது.

4 ஜிபி ராம்தான். விண்டோஸுக்குப் பதிலா போடக்கூடிய இலவச இயங்குதளம்தான் லினக்ஸ். அதுல ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டோட, பழைய கம்ப்யூட்டருக்கு ஏத்த இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டேன், நல்லாவே ஓடுது. அந்தம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாங்க: "தம்பி, காசே கொடுக்காம காப்பி எடுத்துக்கிட்டா பின்னாடி பிரச்சினை வராதா?" வராதும்மா. காப்பி எடுக்கலாம், அடுத்த வீட்டுக்கும் கொடுக்கலாம்னு உரிமத்திலேயே எழுதியிருக்கு. இதைத்தான் நம்ம ஜனங்களுக்கு முதல்ல புரிய வைக்கணும்.

லினக்ஸை நிறுவ இறக்குற ஐஎஸ்ஓ கோப்பு (மொத்த இயங்குதளமும் அடங்கின ஒரே கோப்பு) கிட்டத்தட்ட 3 ஜிபி. மொபைல் டேட்டாவை நம்பி இருக்கிற வீட்டுக்கு அது பெரிய சுமை. அதனால நான் வீட்டு இணைப்புல ஒரு தடவை இறக்கி, வென்டாய்ங்கிற இலவச மென்பொருள் போட்ட பென்டிரைவ்ல வச்சிருக்கேன். வென்டாய்ல ஐஎஸ்ஓவை அப்படியே காப்பி பண்ணிப் போட்டாப் போதும், கம்ப்யூட்டரை ஆன் பண்ணும்போது எது வேணுமோ அதைத் தேர்ந்தெடுத்துக்கலாம். மின்ட், டெபியன், உபுண்டுன்னு மூணு லினக்ஸ் வகையும் ஒரே பென்டிரைவ்ல.

உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது? எழுதுங்க.

மாட்டுங்காவிலிருந்து:

தம்பி, உங்க பதிவைப் படிச்சதும் மனசு நிறைஞ்சுது. எங்க காலத்துல தபால்காரர்தான் லினக்ஸ் கொண்டு வந்தார்!

டயல்-அப் இணைப்புல ஒரு சிடி அளவு, அதாவது 700 எம்பி இறக்கணும்னா, லைன் ஒரு நொடிகூட அறுந்து போகாம இருந்தாலே ஒரு நாளுக்கு மேல ஆகும். டெலிபோன் பில்லை நினைச்சாலே யாரும் அந்தப் பக்கம் போகமாட்டாங்க. அந்த நேரத்துலதான் உபுண்டு வெளியிடுற கனானிக்கல் ஷிப்இட்னு ஒரு ஏற்பாடு வச்சிருந்தாங்க. முகவரியைப் பதிஞ்சா சிடி வீடு தேடி வரும், தபால் செலவும் அவங்களோடது. 2005-ல உபுண்டு 5.10 பதிப்பு கேட்டு வாங்கினேன். ஒரே உறைக்குள்ள ரெண்டு சிடி: ஒண்ணு நிறுவாமலே போட்டுப் பார்க்க, இன்னொண்ணு நிறுவ. 2006-ல வந்த 6.06-ல இருந்து ரெண்டு வேலைக்கும் ஒரே சிடி ஆயிடுச்சு. கூடுதலா வந்ததையெல்லாம் ஆபீஸ்ல, கோயில் வாசல்ல, கேட்டவங்க கேட்காதவங்க எல்லாருக்கும் கொடுத்தேன். 2011-ல ஷிப்இட்டை நிறுத்திட்டாங்க.

இன்னொரு வழி, டெல்லியிலிருந்து 2003 முதல் வந்துட்டிருந்த 'லினக்ஸ் ஃபார் யூ' பத்திரிகை. கூடவே சிடி வரும். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகள்ல அந்த இதழைப் பார்த்தா, உள்ளே சிடி இருக்கான்னு தடவிப் பார்த்துத்தான் வாங்குவேன்.

செம்பூரிலிருந்து:

தாராவி அண்ணா, கைக்குக் கை கொடுக்கிறது ரொம்ப நல்ல விஷயம். ஆனா மூலக் கோப்பைச் சரிபார்த்துட்டுத்தான் கொடுக்கணும். நான் சர்வர் பராமரிப்பு வேலையில இருக்கேன், அதனால இதை அழுத்திச் சொல்றேன்.

2016 பிப்ரவரி 20 அன்னிக்கு லினக்ஸ் மின்ட் இணையதளத்துக்குள்ளேயே திருடன் புகுந்தான். 17.3 சின்னமன் பதிப்புக்கான இணைப்பை மாத்தி, பின்வாசல் (திருட்டுத்தனமா கம்ப்யூட்டருக்குள்ள நுழையுற வழி) வச்ச ஐஎஸ்ஓ பக்கம் திருப்பிவிட்டான். அதே பதிப்பை டாரன்ட்ல (பல பேரோட கம்ப்யூட்டர்ல இருந்து துண்டு துண்டா இறக்குற முறை) இறக்கினவங்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. டாரன்ட் ஒவ்வொரு துண்டையும் சரிபார்த்துத்தான் சேர்க்கும், அதனால நான் எப்பவும் டாரன்ட்தான். இறக்கினதும் எஸ்எச்ஏ256 எண்ணை (கோப்போட கைரேகை மாதிரி, உள்ளே கொஞ்சம் மாறினாலும் எண் மாறிடும்) அதிகாரபூர்வ பக்கத்துல இருக்கிறதோட ஒப்பிடுங்க. தளமே களவு போனா அந்த எண்ணையும் மாத்த முடியும்ங்கிறதால, ஜிபிஜி கையொப்பத்தையும் (வெளியிட்டவங்க ரகசியச் சாவியால போடுற டிஜிட்டல் கையெழுத்து) பார்க்கிறது இன்னும் நல்லது. உங்க ஒரு பென்டிரைவ்ல இருந்து எத்தனை வீட்டுக்குப் போகுதோ, அத்தனை வீட்டு பேங்க் பாஸ்வேர்டும் அந்த ஒரு சரிபார்ப்பை நம்பித்தான் இருக்கு.

சயான் கோலிவாடாவிலிருந்து:

எனக்கு ஊர்லேருந்துதான் வந்துச்சு. திருநெல்வேலியில சித்தி மகனுக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப்ல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. மத்திய அரசோட கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில உருவாக்கின லினக்ஸ் அது. லீவுக்குப் போனப்ப அதுல தமிழ்லயே மெனு பார்த்து அசந்துட்டேன். பவாய் ஐஐடியோட ஸ்போக்கன் டுடோரியல்ல லினக்ஸ் பாடங்கள் தமிழ்ப் பேச்சோட இலவசமா இருக்கு, பிள்ளைகளுக்குக் காட்டுங்க.

ஒரு சந்தேகம் அண்ணே. முன்னாடி டெபியன் போட்டப்ப வைஃபை வரவே இல்லை. இப்பவும் அப்படித்தானா?

தாராவியிலிருந்து:

இல்லைங்க தம்பி. 2023 ஜூன்ல வந்த டெபியன் 12-ல இருந்து, வைஃபைக்கு வேண்டிய ஃபர்ம்வேரை (அந்த வைஃபை சாதனத்தை இயக்குற சின்ன மென்பொருள்) அதிகாரபூர்வ ஐஎஸ்ஓவுக்குள்ளேயே வைக்கிறாங்க. முன்னாடி அதுக்குத் தனி ஐஎஸ்ஓ தேடணும்.

செம்பூர் தங்கச்சி, எஸ்எச்ஏ256 எண்ணை ஒப்பிட்டுத்தான் பென்டிரைவ்ல ஏத்துறேன். கையொப்பம் பார்க்கிறதையும் இனிமே சேர்த்துக்கிறேன். மாட்டுங்கா ஐயா, உங்ககிட்ட அந்த 5.10 உறை இன்னும் இருந்தா ஒரு படம் போடுங்க, என் பிள்ளைகளுக்குக் காட்டணும்.

யாருக்காவது வேணும்னா ஞாயிறு மத்தியானம் ட்யூஷன் கிடையாது, வாங்க. 8 ஜிபி பென்டிரைவ் போதும், அதுல இருக்கிறதெல்லாம் அழிஞ்சிடும், முன்னாடியே வேற இடத்துல எடுத்து வச்சிட்டு வாங்க.