ஆர்எக்ஸ் 6600 கிராஃபிக்ஸ் கார்டுக்கு 1080பி-யா, 1440பி-யா? மானிட்டர் வாங்கும் முன் உதவி தேவை

டோல்கேட் கேமர்:

எல்லோருக்கும் வணக்கம். மானிட்டர் வாங்கப் போகிறேன். எந்த ரெசல்யூஷனில் வாங்குவது என்றுதான் முடிவுக்கு வர முடியவில்லை.

கம்ப்யூட்டர் விவரம்: ஐ3 12100எஃப், ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி, 16 ஜிபி ரேம், 550 வாட் பவர் சப்ளை. இப்போது இருப்பது அண்ணன் ஆபீசில் கழித்துவிட்ட 22 இன்ச் மானிட்டர், 1080பி, 60 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 60 தடவை படம் மாறும்). கலர் மங்கிவிட்டது, ஓரத்தில் பச்சைக் கோடு ஒன்றும் விழ ஆரம்பித்திருக்கிறது. இனி தாங்காது.

ராத்திரியில் நண்பர்களோடு வாலரன்ட் ஆடுவேன். தனியாக என்றால் ஜிடிஏ 5, சைபர்பங்க் 2077. பகலில் தங்கை இதே கம்ப்யூட்டரில்தான் காலேஜ் ப்ராஜெக்ட் செய்கிறாள்.

பட்ஜெட் 18,000 ரூபாய், கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம். ரிச்சி தெருவில் விசாரித்தேன். ஒரு கடையில் 27 இன்ச் 1080பி காட்டி, "ப்ரோ, சைஸ்தான் முக்கியம், இதை எடுத்துக்கோங்க" என்றார்கள். பக்கத்துக் கடையில் 27 இன்ச் 1440பி, 180 ஹெர்ட்ஸ். இன்னொரு இடத்தில் 28 இன்ச் 4கே, ஆனால் 60 ஹெர்ட்ஸ். எதிர்காலத்துக்கும் சேர்த்து அதுதான் நல்லது என்றார் கடைக்காரர். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னதில் குழம்பிப்போய் வீட்டுக்கு வந்துவிட்டேன். என் கார்டு எதைத் தாங்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர் வாசி:

தம்பி, முதலில் புள்ளிக் கணக்கைப் பார்த்துவிடலாம். அதற்குப் பிறகு பாதிக் குழப்பம் தானாகத் தீரும்.

1080பி என்பது 1920க்கு 1080. மொத்தம் சுமார் 20.7 லட்சம் பிக்ஸல். 1440பி என்பது 2560க்கு 1440, சுமார் 36.9 லட்சம். 4கே என்பது 3840க்கு 2160, சுமார் 82.9 லட்சம். கார்டு ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இத்தனை புள்ளிகளையும் வரைந்தாக வேண்டும். 1080பி-யிலிருந்து 1440பி-க்குப் போனால் வேலை 1.78 மடங்கு, 4கே-க்குப் போனால் சரியாக 4 மடங்கு. ஒரு வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்த ஆளிடம் அதே கூலிக்கு, அதே நேரத்தில் நாலு வீட்டையும் முடிக்கச் சொன்ன மாதிரிதான் அது.

ஆர்எக்ஸ் 6600 நல்ல கார்டு. ஏஎம்டி 2021 அக்டோபரில் அதை விட்டபோதே 1080பி-க்கு என்று சொல்லித்தான் விட்டது. பெரிய கேம்களை 4கே-யில் ஓட்ட அதனால் முடியாது. வாலரன்ட் வேண்டுமானால் ஓடும், ஆனால் வாங்குவது 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்னும்போது அதிலும் உங்களுக்கு லாபமில்லை. அந்த 4கே-யை விட்டுவிடுங்கள்.

27 இன்ச் 1080பி-யும் வேண்டாம். அதில் ஓர் இன்ச்சுக்கு 82 புள்ளிதான் வரும். உங்கள் பழைய 22 இன்ச்சில் சுமார் 100 இருக்கிறது. புதிது வாங்கி எழுத்து இன்னும் கொரகொரப்பாகத் தெரிந்தால் மனசு கேட்காது. 1080பி என்றால் 24 இன்ச்சில் நிறுத்திக்கொள்ளுங்கள் (92 புள்ளி). 27 இன்ச் என்றால் 1440பி (109 புள்ளி). உங்கள் முன்னால் இருப்பது இந்த இரண்டும்தான்.

வியாசை வீரன்:

என் ஓட்டு 24 இன்ச் 1080பி, 165 ஹெர்ட்ஸ் அல்லது 180 ஹெர்ட்ஸ். வாலரன்ட் ஆடுகிறவருக்கு ரெசல்யூஷனை விட வேகம்தான் பெரிது. 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லி செகண்ட் திரையில் நிற்கிறது, 144-ல் 6.9 மில்லி செகண்ட்தான். மூலையிலிருந்து ஒருத்தன் எட்டிப் பார்ப்பது முன்னாடியே கண்ணில் படும். மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல யுபிஎஸ் வாங்கிவிடலாம். நம் பக்கம் மே மாதத்தில் கரண்ட் படுத்தும் பாட்டுக்கு அது ரொம்ப அவசியம்.

எருக்கஞ்சேரி பிக்ஸல்:

வீரன் சொல்வது வாலரன்டுக்குச் சரி. ஆனால் இவர் சைபர்பங்க்கும் ஆடுகிறார், தங்கையும் அதில்தான் படிக்கிறாள். நம்மில் யாரும் ஊகித்துச் சொல்லத் தேவையே இல்லை. 1440பி-யில் உங்கள் கம்ப்யூட்டர் எப்படி ஓடும் என்பதை இப்போது இருக்கிற பழைய மானிட்டரிலேயே பார்த்துவிடலாம். கடைக்குப் போகும் முன் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. பைசா செலவில்லை, ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் போதும்.

ஏஎம்டி கார்டில் இதற்கு விர்ச்சுவல் சூப்பர் ரெசல்யூஷன் என்று ஒரு வசதி இருக்கிறது. ஏஎம்டியின் அட்ரினலின் மென்பொருளைத் திறந்து, டிஸ்ப்ளே பக்கத்துக்குப் போய் அதை ஆன் செய்யுங்கள். அப்புறம் கேமுக்குள் போனால் ரெசல்யூஷன் பட்டியலில் 2560க்கு 1440 புதிதாக வந்திருக்கும். வராவிட்டால் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸிலேயே அந்த ரெசல்யூஷனை வைத்துவிட்டு கேமைத் திறங்கள். கார்டு நிஜமாகவே 1440பி-யில் வரைந்து, கடைசியில்தான் அதைச் சுருக்கி உங்கள் 1080பி திரைக்கு அனுப்பும். அதனால் கார்டு படும் பாடு, புது 1440பி மானிட்டரில் படப்போகும் பாட்டுக்கு ஏறக்குறைய சமம். படத்தின் தெளிவை மட்டும் இதை வைத்து எடை போடாதீர்கள், அது புது மானிட்டரில்தான் தெரியும். டெஸ்க்டாப்பில் எழுத்து பொடியாக, மசமசவென்று இருக்கும். பயப்பட வேண்டாம்.

என்விடியா வைத்திருப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கண்ட்ரோல் பேனலில் மேனேஜ் 3டி செட்டிங்ஸுக்குள் டிஎஸ்ஆர் ஃபேக்டர்ஸ் என்று இருக்கும். அதில் 1.78 மடங்கைத் தேர்ந்தெடுத்தால் 1080பி திரைக்கு அது 1440பி. மேலே பெரம்பூர்க்காரர் சொன்ன அதே 1.78தான்.

சோதிக்கும்போது, கேமின் வேகத்தைத் திரையின் வேகத்தோடு கட்டிப்போடும் வி-சின்க்கை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் 60-லேயே நின்றுவிடும், உண்மையான எண் தெரியாது. கண்ட்ரோல், ஷிஃப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அட்ரினலின் எண்களைத் திரை ஓரத்தில் காட்டும். அதில் எஃப்பிஎஸ்ஸை (செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம்) மட்டும் பார்க்காமல் ஜிபியு (கார்டின் சிப்) எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 95-க்கு மேல் நின்றால் கார்டு முழு மூச்சில் ஓடுகிறது, ரெசல்யூஷனை ஏற்றினால் எஃப்பிஎஸ் கண்டிப்பாக இறங்கும். 60, 70 என்று இருந்தால் ப்ராசசர்தான் இழுத்துப் பிடிக்கிறது. ரெசல்யூஷன் கூடினாலும் ப்ராசசருக்குச் சுமை பெரிதாகக் கூடாது என்பதால், அந்த கேமில் 1440பி உங்களுக்குக் கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைக்கும். விடியோ மெமரி எவ்வளவு நிறைகிறது என்றும் பாருங்கள். 8 ஜிபியை முட்டினால் நடுநடுவே ஆட்டம் திக்கும்.

மூன்று கேமையும் ஒரே இடத்தில், ஒரே செட்டிங்கில் இரண்டு ரெசல்யூஷனிலும் ஓட்டிவிட்டு எண்களைப் போடுங்கள்.

டோல்கேட் கேமர்:

அக்கா, ரொம்ப நன்றி. இப்படி ஒரு வசதி என் கார்டுக்குள்ளேயே இருப்பது இதுவரை தெரியாது. பார்த்துவிட்டேன், எல்லாம் ஏறத்தாழ:

வாலரன்ட்: 1080பி-யில் 250, 1440பி-யில் 230. 1080பி-யில் ஜிபியு 60 சதவீதம்தான் ஓடியது.

ஜிடிஏ 5, வெரி ஹை: 115-லிருந்து 85.

சைபர்பங்க், ஹை, ரே ட்ரேசிங் இல்லாமல்: 68-லிருந்து 44. இரண்டு ரெசல்யூஷனிலும் ஜிபியு 98, 99. மெமரி 8 ஜிபியைத் தொடவில்லை, ஆனால் ஓரளவு நிறைந்துவிட்டது.

வாலரன்டில் இவ்வளவுதான் இறங்கும் என்று நான் நினைக்கவே இல்லை. ஆனால் சைபர்பங்க் 44 என்பது உறுத்துகிறது. 1440பி மானிட்டர் வாங்கி, சைபர்பங்க்கை மட்டும் 1080பி-யில் வைத்து ஆடலாமா?

எருக்கஞ்சேரி பிக்ஸல்:

ஆடலாம், ஆனால் அந்த எண்ணத்தில் வாங்காதீர்கள். 1440-ஐ 1080-ஆல் வகுத்தால் 1.33 வருகிறது. கேமின் ஒரு புள்ளி திரையில் ஒன்றேகால் புள்ளிக்கும் மேலே பரவ வேண்டும். முழுப் புள்ளியில் உட்காராததால் ஓரங்கள் கலங்கித் தெரியும். 4கே திரையில் 1080பி போட்டால் ஒன்றுக்கு இரண்டு என்று சரியாகப் பொருந்தும், 1440பி திரையில் அது நடக்காது.

அதற்குப் பதில் மானிட்டரை 1440பி-யிலேயே விட்டுவிட்டு, கேமுக்குள் எஃப்எஸ்ஆர் என்ற ஏஎம்டி வசதியை குவாலிட்டியில் வையுங்கள். அப்போது கேம் சுமார் 1707க்கு 960-ல் வரைந்து, முந்தைய ஃப்ரேம்களின் தகவலையும் சேர்த்து 1440-க்கு உயர்த்தும். எழுத்து, மேப், மெனு எல்லாம் முழு 1440-லேயே இருக்கும். இதே குவாலிட்டியை 1080பி மானிட்டரில் போட்டால் அது 1280க்கு 720-லிருந்து உயர்த்த வேண்டும். கையில் தகவல் குறைவு என்பதால் தூரத்துக் கம்பி, மரக்கிளை எல்லாம் நடுங்கும். இந்த விஷயத்தில் 1440பி திரைக்கு உண்மையிலேயே அனுகூலம் இருக்கிறது. பழைய மானிட்டரிலேயே இதையும் ஓட்டிப் பாருங்கள். 60 தாண்டினால் தயங்காமல் 1440பி எடுக்கலாம்.

வாங்குகிற மானிட்டரில் ஃப்ரீசின்க் கட்டாயம் இருக்க வேண்டும். 180 ஹெர்ட்ஸ் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் சைபர்பங்க் 60-ல்தான் ஓடப் போகிறது. ஃப்ரீசின்க் இருந்தால் கார்டு ஃப்ரேமை முடிக்கும் நேரத்துக்குத் திரையும் ஒத்துப்போகும். படம் குறுக்கே கிழியாது.

பெரம்பூர் வாசி:

எண்களைப் பார்த்தபிறகு நானும் 27 இன்ச் 1440பி பக்கம்தான். தங்கைக்கும் ஒரு பக்கம் பிடிஎஃப், ஒரு பக்கம் வேர்ட் என்று இரண்டையும் தாராளமாக வைத்துக்கொள்ள இடம் கிடைக்கும். மேசையை மட்டும் அளந்துவிடுங்கள். சுவரிலிருந்து இரண்டடிதான் இருக்கிறதென்றால், மானிட்டரின் ஸ்டாண்டே முக்கால் அடியைத் தின்றுவிடும், முகத்துக்கு முன்னால் வந்து நிற்கும். அப்படியானால் சுவரில் மாட்டிவிடுங்கள். பின்னால் வெசா மவுண்டுக்கு நாலு திருகு ஓட்டை இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

பேனல் ஐபிஎஸ் எடுங்கள். விஏ என்ற இன்னொரு பேனல் வகையில் கறுப்பு ஆழமாக இருக்கும்தான், ஆனால் விலை குறைந்தவற்றில் இருட்டான காட்சி நகரும்போது பின்னாலேயே ஒரு நிழல் இழுபடும். சைபர்பங்க் பெரும்பாலும் ராத்திரிக் காட்சி, எரிச்சலாகிவிடும்.

கடையில் பெட்டியைத் திறந்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் ஐந்தையும் முழுத் திரையில் போட்டு டெட் பிக்ஸல் இருக்கிறதா என்று பாருங்கள். பில்லில் சீரியல் நம்பர் எழுதியிருக்க வேண்டும். நீங்கள் இருப்பது கடலோரம் வேறு. டோல்கேட், காலடிப்பேட்டைப் பக்கம் உப்புக் காற்றில் கனெக்டர்கள் சீக்கிரம் கெடும். பயன்படுத்தாத போர்ட்டுகளில் வரும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள்.

டோல்கேட் கேமர்:

எஃப்எஸ்ஆர் குவாலிட்டியில் சைபர்பங்க் 60-ஐத் தாண்டியது. 27 இன்ச் 1440பி ஐபிஎஸ் வாங்கியாகிவிட்டது. மெட்ரோவில் அரசினர் தோட்டத்தில் இறங்கிப் போனேன், திரும்பும்போது பெட்டியோடு ஆட்டோ. பெரம்பூர் அண்ணன் சொன்ன ஐந்து கலரையும் போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. தங்கைக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

ஒரே ஒரு சிக்கல். படம் தெளிவாக இருக்கிறது, ஆனால் அசைவு பழைய மானிட்டர் மாதிரியே இருக்கிறது. 180 ஹெர்ட்ஸ் வரவில்லையோ என்று சந்தேகம். பெட்டியில் வந்த எச்டிஎம்ஐ கேபிளைக் கார்டில்தான் மாட்டியிருக்கிறேன்.

வியாசை வீரன்:

வாழ்த்துகள்! மானிட்டரில் பழுது எதுவும் இருக்காது. புது மானிட்டரை மாட்டியதும் விண்டோஸ் பல நேரம் 60-லேயே நின்றுவிடும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அதற்குள் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே. அங்கே ரெஃப்ரெஷ் ரேட்டைத் திறந்து பாருங்கள், எவ்வளவு வரை காட்டுகிறது?

டோல்கேட் கேமர்:

60, 120, 144. 144-ஐ வைத்ததும் மவுஸ் நகர்வதே வேறு மாதிரி இருக்கிறது! 180 மட்டும் பட்டியலில் இல்லை.

வியாசை வீரன்:

உங்கள் மானிட்டரின் எச்டிஎம்ஐ போர்ட் 2.0 ஆக இருக்கும். 1440பி-யில் பெரும்பாலும் அது 144-லேயே நின்றுவிடும், கார்டில் 2.1 இருந்தாலும் பயனில்லை. ஒரு டிஸ்ப்ளேபோர்ட் 1.4 கேபிள் வாங்கி மாட்டுங்கள், 180 வந்துவிடும். மானிட்டரின் சொந்த மெனுவில் அடாப்டிவ் சின்க் (ஃப்ரீசின்க்தான்) அணைந்திருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள். பிறகு வாலரன்டில் எஃப்பிஎஸ் வரம்பை 175-ல் வையுங்கள். அப்போதுதான் ஃப்ரீசின்க் எல்லைக்குள்ளேயே ஓடும், கார்டும் தேவையில்லாமல் சூடாகாது.

டோல்கேட் கேமர்:

டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் மாட்டியதும் 180 வந்துவிட்டது. ஃப்ரீசின்க்கும் ஆன்.

கொருக்குப்பேட்டை 21:

இதே இழையில் கேட்டுவிடுகிறேன். என்னிடம் ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி. இதே 27 இன்ச் 1440பி-யை நானும் எடுக்கலாமா? அடுத்த வருஷம் கார்டு மாற்றுகிற எண்ணம் இருக்கிறது.

எருக்கஞ்சேரி பிக்ஸல்:

முதலில் டிஎஸ்ஆரில் 1.78 வைத்து நீங்கள் ஆடும் கேம்களை ஓட்டிப் பாருங்கள். வாலரன்ட் மாதிரி லேசான கேம்கள் தாங்கும். பெரிய கேம்களில் 1440பி-க்கு 4 ஜிபி மெமரி பற்றாது, டெக்ஸ்சரை லோ-வில் வைத்தாலும் திக்கும். 1650-ல் டிஎல்எஸ்எஸ் (எஃப்எஸ்ஆர் மாதிரி என்விடியாவின் வசதி) கிடையாது, அதற்கு ஆர்டிஎக்ஸ் கார்டு வேண்டும். ஆனால் எஃப்எஸ்ஆர் ஓடும்.

கார்டு மாற்றப் பணம் உறுதியாக வரும் என்றால் மட்டும் 1440பி எடுங்கள். அதுவரை பெரிய கேம்களை எஃப்எஸ்ஆர் பர்ஃபார்மன்ஸில் 1280க்கு 720-லிருந்து உயர்த்தி ஆட வேண்டியிருக்கும். உறுதியில்லை என்றால் 24 இன்ச் 1080பி, ஃப்ரீசின்க் உள்ளதாக எடுங்கள். அதை டிஸ்ப்ளேபோர்ட்டில் மாட்டினால் உங்கள் என்விடியா கார்டிலும் அந்த ஃப்ரீசின்க் ஜி-சின்க் கம்பாட்டிபிள் என்ற பெயரில் வேலை செய்யும். 2019 ஜனவரியிலிருந்தே என்விடியா இதை அனுமதிக்கிறது. சில 1650-களில் டிஸ்ப்ளேபோர்ட்டே இருக்காது, டிவிஐ-யும் எச்டிஎம்ஐ-யும் மட்டும்தான். கடைக்குப் போகும் முன் கேபினெட்டைத் திருப்பி, கார்டின் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், எது என்று பார்த்துச் சொல்கிறேன்.