பழைய ஆம்னி: காலையில் பிடிக்கத் தாமதம், பிடித்தபின் உதறல். கார்பரேட்டரை மாற்றலாமா?

குலசேகரம் ஷீட்வண்டி

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1998 மாடல் மாருதி ஆம்னி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்புகிற கார்பரேட்டர் உள்ள வண்டி. பின்சீட்டைக் கழற்றிவிட்டு ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் ஏற்றுகிறேன். விடியுமுன் திற்பரப்புப் பக்கம் தோட்டத்துக்குப் போக வேண்டும். சரியாக அந்த நேரத்தில்தான் படுத்துகிறது.

செல்ஃப் நன்றாகவே சுற்றுகிறது, ஆனால் பிடிக்க வெகுநேரம் ஆகிறது. சோக்கை முழுக்க இழுத்தாலும் அப்படித்தான். பிடித்தபின் மூன்று சிலிண்டரில் ஒன்று மிஸ் ஆகிற மாதிரி சீட்டோடு சேர்ந்து உதறுகிறது. சோக்கை உள்ளே தள்ளினால் அணைந்துவிடும். கொஞ்ச தூரம் ஓடிச் சூடாகிவிட்டால் ஒரு குறையும் இல்லை. பகலில் நிறுத்திவிட்டு உடனே போட்டால் சாவியைத் தொட்டதும் பிடிக்கிறது. மழை பெய்த மறுநாள் காலை ரொம்ப மோசம்.

பிளக், பேட்டரி, ஏர் ஃபில்டர் எல்லாம் புதுசு. கார்பரேட்டரையும் கழற்றிக் கழுவியாயிற்று. “வேறு கார்பரேட்டர் போட்டால்தான் சரியாகும்” என்கிறார் மெக்கானிக். போடலாமா?

தக்கலை பழைய பட்டறை

அவசரப்படாதீர்கள் தம்பி. நீங்கள் ஒன்றாகச் சொல்வது இரண்டு கோளாறு. பிடிக்கத் தாமதமாவது ஒன்று, பிடித்தபின் உதறுவது வேறொன்று. முதலாவது பெரும்பாலும் பெட்ரோல் பக்கம். இரண்டாவது, ஒரு சிலிண்டர் மட்டும்தான் மிஸ் ஆகிறது என்றால், பெரும்பாலும் கரண்ட் பக்கம். கார்பரேட்டர் ஒன்றுதானே, மூன்று சிலிண்டருக்கும் அதிலிருந்துதான் போகிறது. அது கெட்டால் மூன்றும் சேர்ந்துதான் முரண்டு பிடிக்கும்.

நாளைக் காலை செல்ஃப் அடிக்குமுன் முன்சீட்டைத் தூக்கி, கார்பரேட்டர் வாயில் இருக்கிற காற்றுக் குழாயைக் கழற்றுங்கள். ஒருவரைச் சோக்கை இழுக்கச் சொல்லி மேல் தகட்டைப் பாருங்கள். முழுக்க மூட வேண்டும். குளிர்ந்த என்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, பாதி மேனிஃபோல்டு சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அதை ஈடுகட்டத்தான் சோக் கூடுதல் பெட்ரோலை இழுக்கிறது. நம் ஊரில் பனி கொட்டாவிட்டாலும் இது தேவை. தகட்டில் சின்ன இடைவெளி இருந்தாலும் இழுத்தும் பயனில்லை.

அடுத்து, சோக்கை விட்டுவிட்டு ஆக்சிலேட்டர் கம்பியைக் கையால் ஒரே இழுப்பாக இழுங்கள். உள்ளே பெட்ரோல் நூல் மாதிரி பீய்ச்ச வேண்டும். வறண்டு கிடந்தால் ராத்திரியோடு ஃபுளோட் அறை, அதாவது கார்பரேட்டருக்குள் பெட்ரோல் நிற்கிற இடம், காலியாகிவிட்டது என்று அர்த்தம். பீடி, டார்ச் விஷயத்தில் கவனம். செல்ஃபைத் தொடுமுன் குழாயைத் திரும்ப மாட்டிவிடுங்கள்.

தோவாளை பூவண்டி

நானும் ஆம்னிதான், நடுராத்திரி தாண்டியதும் பூ ஏற்றுகிறவன். மழைக்கு மறுநாள் மோசம் என்றால் பிளக் ஒயரைப் பாருங்கள் அண்ணே. இருட்டிலேயே ஸ்டார்ட் பண்ணி, வண்டி உதறும்போது சீட்டைத் தூக்கி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு உற்றுப் பாருங்கள். ஒயரிலோ, பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துவிடுகிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியிலோ நீலமாகப் பொறி ஓடினால் ஆளைப் பிடித்தாயிற்று. கை வைக்க வேண்டாம், நல்ல அடி அடிக்கும். சூடானதும் ஈரம் காய்ந்து பொறி நின்றுவிடும், அதனால்தான் பகலில் பட்டறைக்குக் கொண்டுபோனால் ஒன்றும் தெரிவதில்லை. நம் மாவட்டத்துக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஒயர் பாவம் என்ன செய்யும்!

மார்த்தாண்டம் 796

எல்லாம் எத்தனால் வேலைதான் ஓய். 2022-இல் பத்து சதவீதம் கலந்தார்கள், இப்போது பங்கில் இருபது. நம் வண்டிகள் அதற்குச் செய்தவையா? கார்பரேட்டரில் பெட்ரோல் வருகிற துளை இருக்கிறதே, அந்த ஜெட்டைப் பெரிதாக்குங்கள், தீர்ந்தது.

தக்கலை பழைய பட்டறை

பாதி சரி. ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆகவே பழைய ஜெட்டிலேயே இருபது சதவீதக் கலப்பு ஓடினால் மிக்சர் மெலிந்துபோகும், அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் போதாது. போதாக்குறைக்கு எத்தனால் குளிரில் லேசில் ஆவியாகாது. காலையில் சோக்கைக் கொஞ்சம் கூடுதல் நேரம் இழுத்துவைக்க வேண்டியிருப்பது அதனால்தான். ஆனால் ஒரு சிலிண்டரை மட்டும் தேடிப்போய் எத்தனால் கெடுக்காது. ஜெட்டைத் தொட வேண்டாம் மக்கா, கை வைத்தபின் பழையபடி ஆக்குவது கஷ்டம். எத்தனால் கெடுப்பது பழைய ரப்பர் குழாய்களை. அதைப் பாருங்கள், டேங்கிலிருந்து பம்ப் வரை.

குலசேகரம் ஷீட்வண்டி

பார்த்துவிட்டேன். சோக் தகடு முக்கால்வாசிதான் மூடுகிறது, கேபிளின் உறை கிளிப்பை விட்டு நழுவியிருந்தது. ஆக்சிலேட்டரை இழுத்தால் உள்ளே ஒரு சொட்டு இல்லை. பம்புக்கு வருகிற குழாயை வெளியே பார்த்தால் ஒழுக்கும் இல்லை, ஈரமும் இல்லை. வளைத்துப் பிடித்ததும் கிளிப்புக்கு அடியில் நகம் நுழைகிற அளவு வெடிப்பு. நடு சிலிண்டரின் ஒயர், சீட்டுக்கு அடியில் தகரம் உரசுகிற இடத்தில், தோவாளை அண்ணன் சொன்ன மாதிரியே பொறி விட்டது. அந்த இடம் மட்டும் சாம்பல் பூத்திருந்தது.

ஒழுகாத குழாய் எப்படித் தாமதம் செய்யும்?

தக்கலை பழைய பட்டறை

பம்ப் இழுக்கிற பக்கம் என்பதால் பெட்ரோல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். என்ஜின் சூட்டில் ஃபுளோட் அறையிலிருந்து கொஞ்சம் ஆவியாவது எல்லா வண்டியிலும் உண்டு. குழாய் நிறைந்திருந்தால் பம்ப் நாலு முறை அடித்ததும் அதை நிரப்பிவிடும். உங்களுடையதில் ராத்திரியோடு குழாயிலிருந்தது டேங்குக்கே இறங்கிவிடுகிறது. செல்ஃப் சுற்றுகிற நேரமெல்லாம் அதை மறுபடி ஏற்றத்தான் செலவாகிறது. எத்தனால் தாங்கும் குழாயாகக் கேட்டு வாங்குங்கள். பிளக் ஒயரை மூன்றும் சேர்த்தே மாற்றுங்கள்.

மாற்றியும் உதறினால் காலையில் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். ஒன்று மட்டும் நனைந்து, பெட்ரோல் வாடை இல்லாமல் இருந்தால் ஹெட் கேஸ்கட் வழியாகத் தண்ணீர் இறங்குகிறது.

குலசேகரம் ஷீட்வண்டி

குழாய், ஒயர், கேபிள் மூன்றும் முடிந்தது. இப்போது நேற்றைய மழைக்குப் பிறகும் சட்டென்று பிடித்தது, உதறலும் இல்லை. மிச்சம் ஒன்றே: சோக்கைத் தள்ள இன்னும் ரொம்ப நேரம் ஆகிறது. குலசேகரம் சந்தை தாண்டினாலும் தள்ளினால் திணறுகிறது.

தக்கலை பழைய பட்டறை

என்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பது தெர்மோஸ்டாட். அது வேலை செய்யாவிட்டால் என்ஜின் சூடாக வெகுநேரம் ஆகும், சோக்கும் அதுவரை வேண்டும். ஸ்டார்ட் பண்ணியதும் ரேடியேட்டருக்குப் போகிற மேல் குழாயைத் தொட்டுப் பாருங்கள். முதலில் சில்லென்றிருந்து, அப்புறம் திடீரென்று சூடானால் தெர்மோஸ்டாட் சரி. எடுத்த எடுப்பிலேயே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பானால் உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை, அல்லது திறந்தபடி சிக்கிவிட்டது.

குலசேகரம் ஷீட்வண்டி

எடுத்ததுமே வெதுவெதுப்பு. வண்டியை விற்றவரிடம் கேட்டேன், “ஹீட் ஆகுதுன்னு கழத்திப் போட்டாச்சு” என்கிறார்.

தக்கலை பழைய பட்டறை

அந்தக் காலத்துப் பட்டறை வைத்தியம். புதுசு போடுங்கள், ஆனால் அதற்குமுன் ரேடியேட்டரைக் கழுவி, ஃபேன் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஹீட் ஆன காரணம் இன்னும் உள்ளேயே இருக்கும். கார்பரேட்டர் காசு மிச்சம்தானே, அதில் பாதிகூட இதற்கு ஆகாது.