கீழாநெல்லிச் சாறு: மூன்று தொகுதி, மூன்று வேறு அளவு. எங்கே தப்பு?

பிசானம்_வரப்பு கேட்டது:

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. புராஜெக்டுக்குக் கீழாநெல்லியின் பாக்டீரியா எதிர்ப்புத் திறனை எடுத்திருக்கேன். மூணு தொகுதி பண்ணியாச்சு, மூணும் மூணு விதமா வருது.

அ: ஐப்பசி மழைக்குப் பிறகு சேரன்மகாதேவிப் பக்கம் வயல் வரப்பில் பறிச்சது. ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவுக்கு 17 மி.மீ. வளையம் (குழியைச் சுத்திக் கிருமி வளராத தெளிவு).
ஆ: டவுணில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் வாங்கின காய்ந்த கட்டு. 11 மி.மீ.
இ: பங்குனியில் அம்பாசமுத்திரத்தில் ஒரு தோட்டத்து ஓரம் பறிச்சது. வளையமே இல்லை.

ஈ. கோலைங்கிற இன்னொரு பாக்டீரியாவுக்கு மூணிலும் ஒண்ணும் வரலை. வெறும் டிஎம்எஸ்ஓ (சாற்றைக் கரைக்கிற திரவம்) ஊத்தின அகார் குழியிலேயே 8 மி.மீ. காட்டுது (குழி 6 மி.மீ.).

முறை: 70 டிகிரி அவனில் காயவச்சு, 20 கிராம் பொடியை 200 மி.லி. மெத்தனாலில் சாக்ஸ்லெட்டில் (கொதிக்கவச்சுச் சாறு இறக்குற கண்ணாடிக் கருவி) 8 மணி நேரம். வத்தவச்ச சாற்றை மில்லிக்கு 100 மில்லிகிராம் வீதம் டிஎம்எஸ்ஓவில் கரைச்சு, குழிக்கு 100 மைக்ரோலிட்டர். எந்த அளவை எழுதட்டும்? சராசரி எடுத்தா போதுமா?

இலைக்காம்பு பதில்:

சராசரி எடுக்காதீங்க தம்பி. மூணும் ஒரே செடிதானான்னு முதல்ல பார்க்கணும். நம்ம ஊரில் கீழாநெல்லிங்கிற பேரில் குறைஞ்சது நாலு பில்லாந்தஸ் (கீழாநெல்லியின் பேரினம்) இனம் கைமாறுது. பழைய புத்தகங்களில் எல்லாத்தையும் 'பில்லாந்தஸ் நிரூரி'ன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. நிரூரி அமெரிக்கச் செடி. இந்தியாவில் அந்தப் பேரில் சொல்லப்பட்டது அமாரஸ், ஃபிராடர்னஸ், டெபிலிஸ் என்ற மூணு இனத்தின் கலவைன்னு 1985லேயே மித்ராவும் ஜெயினும் பிரிச்சுக் காட்டிட்டாங்க. இன்னைக்கும் பாதி பேர் புராஜெக்டில் நிரூரின்னே போடுறாங்க, அது பெரிய வருத்தம்.

பத்து மடங்கு லென்ஸ் ஒண்ணை எடுத்துக்கோங்க. நமக்கு வேண்டிய அசல் கீழாநெல்லி அமாரஸ்தான். அதில் நடுத்தண்டில் சாதாரண இலை இருக்காது, செதில்தான். இலை முழுக்கப் பக்கக் கிளையில், ரெண்டு வரிசையில், புளிய இலை மாதிரி. கிளையைத் திருப்பினா இலைக்குக் கீழே பூவும் காயும் தொங்கும். கிளை நுனிப் பக்கத்து இலைக்கக்கத்தில் ஒரு ஆண் பூவும் ஒரு பெண் பூவும் சேர்ந்து இருக்கும். பூவுக்கு 5 மடல். காய் வழவழன்னு இருக்கும், விதை முதுகில் நீளவாக்கில் 5, 6 வரி.

மடல் 6, காயில் சொரசொரன்னு புடைப்பு, விதையில் குறுக்குவரி, தண்டு செந்நிறம்னா அது யூரினேரியா, சிவப்புக் கீழாநெல்லி. நடுத்தண்டிலேயே இலை இருந்து, இலை அடி ஆப்பு மாதிரி குறுகினா மதராஸ்பட்டென்சிஸ், நம்ம ஆட்கள் மேலாநெல்லின்னு சொல்றது. டெபிலிஸுக்கும் காய் வழவழப்புதான், ஆனா மடல் 6, இலை ரெண்டு முனையும் குறுகும். அவசரத்தில் இதைத்தான் அமாரஸ்னு எடுத்துடுவாங்க.

கடைக் கட்டைப் பத்தி: தென்னிந்தியக் கடைச் சரக்கை டிஎன்ஏ வச்சுப் பரிசோதிச்சு 2010ல் வந்த ஆய்வில், 76 சதவீத மாதிரியில் அமாரஸ்தான் பெருமளவு. மீதி 24 சதவீதத்தில் வேற இனங்கள். அதனால கடைச் சரக்கை வாங்கினா கட்டைப் பிரிச்சு, ஒவ்வொரு செடியிலும் ஒரு சின்னக் கிளையை வெந்நீரில் ஊறவச்சு விரிச்சுப் பார்த்துட்டுத்தான் மீதியை அரைக்கணும். பொடியா வாங்கவே கூடாது.

மூணு தொகுதியிலும் பூ, காய், வேரோட மூணு மூணு செடியைத் தாளுக்கு நடுவில் அழுத்தி, இடம், தேதி, பறிச்சவர் பேர் எழுதி ஒட்டி, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி ஹெர்பேரியத்துக்கோ (உலர் செடிகளைப் பாதுகாக்கிற இடம்) கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல ஹெர்பேரியத்துக்கோ கொடுத்து எண் வாங்குங்க. அந்த எண் இல்லாத ஆய்வை நாளைக்கு யாராலும் சரிபார்க்க முடியாது.

ரோட்டரி_ஆவி பதில்:

செடி விஷயம் மேலே அண்ணாச்சி சொல்லியாச்சு. நான் சாற்றைப் பத்திச் சொல்றேன்.

70 டிகிரி அவன் வேண்டாம். நிழலில் காற்றோட்டமா 5 முதல் 7 நாள், அல்லது 40 டிகிரிக்கு மேல போகாம காயவைங்க. இந்தச் செடியில் பாக்டீரியாவுக்கு எதிரா வேலை செய்யறதில் ஜெரானியின், கோரிலாஜின் மாதிரியான டானின்களுக்கு (துவர்ப்புச் சரக்கு) பெரிய பங்கு. ஜெரானியின் சூட்டில் உடைஞ்சு கோரிலாஜினாவும் எலாஜிக் அமிலமாவும் மாறிடும். நீங்க அவனிலும் சுட்டு, பிறகு சாக்ஸ்லெட்டில் 8 மணி நேரம் கொதிக்கவும் வச்சிருக்கீங்க. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு உடைஞ்சதோ! 1:10 விகிதத்தில் 70 சதவீத மெத்தனாலில் மூடி, இருட்டில் 72 மணி நேரம் ஊறவச்சு, தினம் ரெண்டு தடவை குலுக்கி, வாட்மன் 1 தாளில் வடிகட்டி, 40 டிகிரியில் ரோட்டரி ஆவியாக்கியில் வத்தவச்சு இறக்கினா போதும். கடைசியா டெசிகேட்டரில் (ஈரத்தை உறிஞ்சுற மூடிய பாத்திரம்) வச்சு, எடை ரெண்டு தடவை ஒரே மாதிரி வர்ற வரைக்கும் காயவிடுங்க. கொஞ்சம் மெத்தனால் தங்கிட்டாலும் அதுவே வளையம் காட்டலாம்.

ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் ரெண்டும் லிக்னான்கள் (இந்தச் செடியில் இருக்கிற இன்னொரு வகை வேதிச் சரக்கு), இலையில்தான் அதிகம், தண்டில் ரொம்பக் குறைவு. பங்குனி வெயிலில் இலை உதிர்ந்த செடியைத் தண்டோட அரைச்சா பொடியில் பாதி சும்மா நார்தான். அதனால இலை எத்தனை கிராம், தண்டு எத்தனை கிராம்னு தனித்தனியா எடை எழுதுங்க. 20 கிராம் பொடிக்கு எத்தனை கிராம் சாறு கிடைச்சதுன்னு மூணு தொகுதிக்கும் போடுங்க. அந்த எண்ணே பாதிக் கதையைச் சொல்லிடும்.

வரப்புச் செடி பத்தி ஒண்ணு. நெல்லுக்கு அடிச்ச பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் அதுமேலயும் விழுந்திருக்கும். அந்த 17 மி.மீ.யில் செடியோட பங்கு எவ்வளவுன்னு எப்படிச் சொல்வீங்க? மருந்தடிக்காத இடத்திலிருந்து விதை எடுத்துத் தொட்டியில் வளர்த்தா இந்தச் சந்தேகம் இல்லை. மழைக்காலத்தில் ரெண்டு மாசத்துக்குள்ள பூத்துடும்.

குழிதோண்டி பதில்:

தட்டுக்கு வருவோம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. மில்லிக்கு 100 மில்லிகிராம், அதில் 100 மைக்ரோலிட்டர். ஆகக் குழிக்கு 10 மில்லிகிராம். ஒப்பிடப் பக்கத்தில் வைக்கிற ஜென்டாமைசின் (ஆன்டிபயாடிக்) வில்லையில் இருக்கிறது 10 மைக்ரோகிராம். ஆயிரம் மடங்கு வித்தியாசம். "ஜென்டாமைசினுக்குச் சமமான வளையம்"னு எழுதுறவங்க இதைப் பார்க்கறதே இல்லை.

டிஎம்எஸ்ஓவிலேயே 8 வருதுன்னா உங்க எந்த அளவும் நிக்காது. முழு டிஎம்எஸ்ஓ கிருமியைத் தானே தடுக்கும். தண்ணீரில் கலந்து 10 சதவீதத்துக்குக் கீழே கொண்டு வாங்க. இன்னொண்ணு, குழி வெட்டும்போது அகார் (தட்டில் கிருமி வளர்க்கிற கூழ்) அடியில் தூக்கிக்கும். சாறு தட்டுக்கும் அகாருக்கும் நடுவில் பரவி, கோணல்மாணலா ஒரு தெளிவு வரும். தட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தா கண்டுபிடிச்சுடலாம். குழி அடியில் ஒரு சொட்டு உருகின அகார் விட்டு அடைச்சா நின்னுடும். 90 மி.மீ. தட்டுக்கு 25 மி.லி. முல்லர் ஹின்டன் அகார் ஊத்தினா கனம் 4 மி.மீ. வரும். கனம் கூடினா வளையம் சுருங்கும்.

ஆனா வளைய அளவை வச்சு மூணு சாற்றை ஒப்பிடவே கூடாதுங்கறதுதான் என் கருத்து. லிக்னான் மாதிரி எண்ணெய்ப் பசையான சரக்கு அகாரில் நகராது. வீரியம் இருந்தும் வளையம் வராது. மைக்ரோடைல்யூஷன் (சாற்றைப் படிப்படியா நீர்த்து, எந்த அளவில் கிருமி நிக்குதுன்னு பார்க்கிற முறை) பண்ணுங்க, 96 குழித் தட்டு ஒண்ணு போதும்.

எல்லாக் குழியிலும் 100 மைக்ரோலிட்டர் பிராத் (கிருமி வளர்க்கிற திரவ ஊடகம்). முழு டிஎம்எஸ்ஓவில் கரைச்ச உங்க 100 மில்லிகிராம் சாற்றுக் கரைசலில் 40 மைக்ரோலிட்டரை 960 மைக்ரோலிட்டர் பிராத்தில் கலந்தா மில்லிக்கு 4 மில்லிகிராம். அதில் 100 மைக்ரோலிட்டரை முதல் குழியில் போட்டுக் கலக்கி, அங்கிருந்து 100 எடுத்து அடுத்ததில், அப்படியே கடைசி வரைக்கும். கடைசிக் குழியிலிருந்து எடுத்த 100ஐக் கொட்டிடுங்க. கிருமியை 0.5 மெக்ஃபார்லாண்ட் கலங்கலுக்கு வச்சு (மில்லிக்கு ஏறத்தாழ 15 கோடி), 150 மடங்கு நீர்த்து, குழிக்கு 100 விடுங்க. இப்ப முதல் குழியில் மில்லிக்கு 1000 மைக்ரோகிராம் சாறு, 1 சதவீத டிஎம்எஸ்ஓ, அடுத்தடுத்துப் பாதி பாதியா இறங்கும். 35 டிகிரியில் 16 முதல் 20 மணி நேரம். பிறகு 0.015 சதவீத ரெசசூரின் (நிறம் மாறுற சாயம்) 30 மைக்ரோலிட்டர் விட்டு 2 மணி நேரம் பொறுத்துப் பாருங்க. ரோஸ் ஆனா கிருமி வளர்ந்திருக்கு, நீலம்னா தடுத்திருக்கு.

இங்கேதான் நிறைய பேர் வழுக்குறாங்க: கீழாநெல்லிச் சாறு தன்னாலேயே ரெசசூரினை ரோஸாக்கலாம். அதனால கிருமியே இல்லாம சாறும் பிராத்தும் மட்டும் உள்ள ஒரு வரிசை கட்டாயம் வேணும். அந்த வரிசை ரோஸ் ஆச்சுன்னா நிறத்தை நம்பாதீங்க. ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரு லூப் எடுத்து அகாரில் கோடு போட்டு, மறுநாள் வளர்ச்சியைப் பாருங்க. டானின் புரதத்தோட ஒட்டி பிராத்தைக் கலங்கடிக்கும், அதையும் வளர்ச்சின்னு நினைச்சுக்கக் கூடாது. பாலிவினைல்பாலிபைரோலிடோன் (டானினை ஒட்டிப் பிடிக்கிற பொடி) போட்டு டானினை எடுத்துட்ட சாறு ஒண்ணையும் கூடவே ஓட்டினா, வேலை செஞ்சது டானினா வேறயான்னு தெரிஞ்சுடும்.

ஈ. கோலையில் வராதது தப்பு இல்லை. அதுக்கு வெளியே இன்னொரு சவ்வு உண்டு, பல செடிச் சரக்கு உள்ளே போகாது. உள்ளபடி எழுதுங்க.

பிசானம்_வரப்பு:

மிச்சம் வச்சிருந்த செடிகளை லென்ஸில் பார்த்துட்டேன். இ தொகுதி முழுக்க நடுத்தண்டில் இலை, 6 மடல். மேலாநெல்லிதான். ஆ தொகுதியில் அமாரஸோட சொரசொரக் காயும் கலந்திருக்கு. அ மட்டும் சுத்தமா அமாரஸ். எல்லாத்தையும் திரும்பப் பண்ணப் போறேன்.

இன்னொரு கேள்வி. முடிவுரையில் 'ஆகவே மஞ்சள் காமாலைக்குப் பயன்படுவது நிரூபணமாகிறது'ன்னு எழுதச் சொல்றாங்க. எழுதலாமா?

பொதிகை_மூலிகை பதில்:

எழுதாதீங்க. ஸ்டஃபிலோகாக்கஸைத் தடுத்ததுக்கும் காமாலைக்கும் சம்பந்தமே இல்லை. காமாலைங்கறது கல்லீரல் அழற்சி, பித்தக்குழாய் அடைப்பு, ரத்த அணு சிதைவுன்னு பல காரணத்தால் வர்ற அறிகுறி.

இந்தச் செடிக்கு மனிதரிடம் நடந்த ஆய்வு வரலாறே இருக்கு, அதைப் படிச்சிட்டு எழுதுங்க. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடிச்ச பிளம்பெர்க் குழு 1987ல், இந்தச் செடிச் சாறு அந்த வைரஸ் பெருகத் தேவையான டிஎன்ஏ பாலிமரேஸ் நொதியைத் தடுக்குதுன்னு வெளியிட்டாங்க, அப்பவும் நிரூரிங்கிற பேரில்தான். 1988ல் சென்னையில் தியாகராஜன் குழு, அமாரஸ் செடிப் பொடி 200 மில்லிகிராம் தினம் மூணு வேளை, 30 நாள் கொடுத்ததில், 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென் மறைஞ்சது. மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருத்தருக்குத்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனா 1990ல் தாய்லாந்தில் செய்தபோது அந்தப் பலன் வரலை. 2011ல் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுற அமைப்பு) தொகுப்பாய்வு 16 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, வெறும் மாத்திரையை விட மேலானதுன்னு உறுதியான சான்று இல்லைன்னு முடிச்சது. ஊர் மாறினா, இனம் மாறினா, பறிச்ச பருவம் மாறினா சரக்கு மாறும்ங்கறதை உங்க மூணு தொகுதியே காட்டுதே, அதை விவாதப் பகுதியில் தைரியமா எழுதுங்க.

நம்ம வீடுகளில் பச்சைச் செடியை அரைச்சு மோரிலோ பாலிலோ கலந்து காலையில் கொடுக்கிறது வழக்கம். மெத்தனால் சாறும் அந்த மோர்க் கரைசலும் ஒண்ணு இல்லை. ஃபில்லாந்தின் தண்ணீரில் லேசில் கரையாது, மோரின் கொழுப்பில் எவ்வளவு இறங்குதுன்னு பார்க்கிறதே நல்ல புராஜெக்ட். பசையைத் தண்ணீர், மோர், பால் மூணிலும் தனித்தனியா கலக்கி வடிகட்டி, ஹெக்சேன், எத்தில் அசிடேட் 2:1 கலவையில் டிஎல்சி (சரக்குகளைப் புள்ளி புள்ளியாப் பிரிச்சுக் காட்டுற மெல்லிய தகடு) ஓட்டி, 10 சதவீத சல்பூரிக் அமிலம் தெளிச்சு 105 டிகிரியில் சூடாக்கிப் பாருங்க. பக்கத்தில் சுத்தமான ஃபில்லாந்தின் ஒரு புள்ளி அவசியம். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் குணபாட (மருந்துச் சரக்கு) பிரிவில் கேட்டா, எந்தப் பாகம், எந்தப் பக்குவம்னு நூல்படி சொல்லித் தருவாங்க.

புதுசாப் பறிக்க முண்டந்துறைப் பக்கம் போயிடாதீங்க. புலிகள் காப்பகத்துக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம ஒரு இலை கிள்ளக் கூடாது. இந்தச் செடிக்கு அது தேவையும் இல்லை. அடுத்த ஐப்பசி மழை நின்னதும் வாய்க்கால் கரையெல்லாம் முளைச்சுக் கிடக்கும். பறிக்கப் போகும்போது லென்ஸை மறக்காதீங்க, வீட்டுக்கு வந்து பார்த்தா இலை சுருண்டு மடல் எண்ண முடியாது.