புதுப்பிப்பு: மொன்றியலா, டொராண்டோவா?

கனடாவில் பிஆருக்காக (நிரந்தரக் குடியுரிமைக்காக, அதாவது நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்காக) மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்திலேயே காத்திருப்பதா, டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோவுக்கு மாறுவதா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். இப்போதைக்கு மொன்றியல்தான்.

2025 நவம்பரில் பிஇக்யூ திட்டத்தை (கியூபெக்கில் வேலை செய்தவர்களும் படித்தவர்களும் பிஆருக்குப் போகும் மாகாண வழி) மூடியதும் தெரிந்தவர்கள் சிலர் கிளம்பிவிட்டார்கள். எங்களுக்கும் மனசு ஆடியது. ஆனால் எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு (கூட்டாட்சி அரசின் பிஆர் வழி) கியூபெக்குக்கு வெளியே வாழும் எண்ணம் வேண்டும். அப்படியென்றால் இங்கே மொன்றியலில் பார்க்கும் வேலையையும் விடணும்; வேண்டாம் என்று தோன்றியது.

சரி, கியூபெக்கின் குடியேற்ற இணையதளமான அரிமாவில் பிஎஸ்டிக்யூவுக்கு (திறன் தொழிலாளர்களை மாகாணம் தேர்ந்தெடுக்கும் திட்டம்) விவரம் பதிந்தாயிற்று. என் பிரிவுக்குப் பேச்சுப் பிரெஞ்சு ஏழாம் நிலையில் இருக்க வேண்டும். அரசின் இலவச வகுப்பில் படிக்கிறேன். இலக்கணம் பரவாயில்லை, இந்த ஊர் உச்சரிப்புதான் படுத்துகிறது! மாகாணம் தேர்ந்தெடுத்தாலும் பிஆர் தருவது கூட்டாட்சி அரசு; அந்த வரிசை தனி.

அப்புறம், பள்ளியைப் பற்றிப் பயமுறுத்தியவர்களுக்கு: மகள் பிரெஞ்சுப் பள்ளியில் நன்றாகவே சமாளிக்கிறாள். மொழித் தேர்வு முடிந்ததும் மதிப்பெண்ணோடு வருகிறேன்.