பெரிய வீட்டுச் சொந்தங்கள்

செல்வி: முருகேசன் மாமா, பந்தலைப் புல்தரையில் போடவா, மாடியில் போடவா? பந்தல்காரர் இன்றைக்குள் சொல்லச் சொல்கிறார். அடுத்த ஞாயிறு காதுகுத்து.

பாண்டி: புல்தரைதான். இதில் என்ன கேள்வி

முருகேசன் மாமா: அவசரப்படாதீர்கள். தென்னோரம் திட்டுத்திட்டாகப் பழுத்துக் கிடக்கிறது. காலையில் மைனாவும் காக்காயும் கொத்திக் கிளறுகின்றன. அதற்குத்தான் விளக்குப் பொறி வைத்து, ராத்திரி அதில் விழும் பூச்சிகளைக் கணக்கெடுக்கிறேன்.

ராஜாத்தி சித்தி: அந்த விளக்கு வந்ததிலிருந்து என் அடுப்படி முழுக்கப் பூச்சி

பாண்டி: மருந்து அடித்துவிடலாமே மாமா

முருகேசன் மாமா: எந்தப் பூச்சி என்று தெரியாமல் எதை அடிப்பாய்? பிள்ளைகள் புரளும் இடம். கேள். போன கோடை மழைக்குப் பழுப்பு வண்டு பொறியில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. வேம்பு, முருங்கை இலையைத் தின்றுவிட்டு மண்ணில்தான் முட்டை வைக்கும். அந்த வெள்ளைப் புழு இப்போது வேரைத் தின்கிறது, இழுத்தால் புல் பாய் மாதிரி சுருண்டு வருகிறது. இப்போது விழுவது வேறு, படைப்புழுவின் தாய் அந்துப்பூச்சி. அது கூடினால் ஒரு வாரத்தில் குட்டிப் புழு இறங்கி ராத்திரியில் மேயும். பொறி பூச்சியை ஒழிக்க இல்லை, எப்போது புல்லைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல. 7 மணிக்குப் போட்டு 10-க்கு அணைத்துவிடுவேன். விடிய விடிய எரிந்தால் நல்ல பூச்சியும் சாகும்.

கார்த்திக்: வேளாண் கல்லூரியிலிருந்து மாமா ஓய்வு பெற்றும் வகுப்பு முடியவில்லை 😂

பாண்டி: நேற்று நான் எட்டிப் பார்த்தேன், நாலே பூச்சி. போயிடுச்சு

முருகேசன் மாமா: நேற்று பௌர்ணமி. நிலா வெளிச்சத்தில் விளக்குக்கு வருவது குறையும். அதை நம்பாதே. ஒரு சதுர மீட்டர் புல்லில் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார், படைப்புழு இருந்தால் மேலே ஏறி வரும். வெள்ளைப் புழுவுக்கு மண்ணை வெட்டித்தான் பார்க்கணும். [போட்டோ]

கார்த்திக்: கிடா எத்தனை?

பாண்டி: கிடா என் செலவு. யார் மடியில் உட்கார வைப்பது என்று மட்டும் இப்போதே பேசிவிடுங்கள். மூத்தவளுக்கு நடந்த மாதிரி கடைசி நேரத்தில் பெரியண்ணன் வந்து உட்காரக் கூடாது.

செல்வி: அதை இங்கே பேசாதே டா

பெரியண்ணன்: பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்

ராஜாத்தி சித்தி: அண்ணே, போட்டோவில் விளக்குக்குக் கீழே இருப்பது அம்மாவின் அண்டாதானே?

முருகேசன் மாமா: சோப்புத் தண்ணீர்தான் ஊற்றியிருக்கிறேன்

ராஜாத்தி சித்தி: பாகம் பிரித்தபோது எனக்கு என்று சொன்ன அண்டா. பொங்கலுக்குக் கேட்டதற்குக் காணோம் என்றீர்கள்.

கார்த்திக்: 🤐

செல்வி: சரி, பாதி மாடி, பாதி வடக்கோரம் என்று சொல்லட்டுமா? நாற்காலி மட்டும் புல்லில்?

பாண்டி: மாடியில் வெயில்

முருகேசன் மாமா: வியாழன் வரை பொறுங்கள். புழுவைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

ராஜாத்தி சித்தி: நான் இப்போதே வருகிறேன், அண்டாவுக்கு

முருகேசன் மாமா: 10 மணிக்கு அப்புறம் வா. எண்ணி முடிப்பதற்குள் தண்ணீரைக் கொட்டிவிடாதே.