டிரம்பெட் இல்லாத ராஞ்சேராவில் சோகம் உண்டா?

மழைக்காலம்: மெக்சிகோவின் பாட்டு வகையான ராஞ்சேராவைக் கித்தாரோடு பாடிய பாடகி சவேலா வர்காஸைப் பற்றி, "அவர் பாடுவது ராஞ்சேராவே இல்லை, டிரம்பெட் இல்லாத சோகம் அரைகுறை" என்று நேற்று இங்கே ஒருத்தர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. காதலில் தோற்றவன் பேண்டு செட் வைத்துக்கொண்டா அழுவான்?

கொம்பன்: எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். மரியாச்சி என்கிற மெக்சிகோ வாத்தியக் குழுவில் பாடகர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் ரெண்டு டிரம்பெட் சேர்ந்து எழும் பாருங்கள், ஏக்கமே அங்கேதான் இருக்கிறது. ராஞ்சேரா பாடகர் விசென்தே பெர்னாண்டஸைக் கேட்டவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள்.

பழைய ரேடியோ: மரியாச்சியில் டிரம்பெட் நிலைத்ததே 1930களுக்கு அப்புறம், வானொலி புண்ணியத்தில். அதுக்கு முன்னால் மெக்சிகோவின் ஹலிஸ்கோ பக்கம் வயலின், கித்தார் வகைகள், ஹார்ப் என்று எல்லாம் தந்திதான். அப்போ அங்கே யாருக்கும் காதல் தோல்வியே கிடையாதா?

கொம்பன்: இருந்திருக்கும். டிரம்பெட் வந்த பிறகுதான் அது முழுமையானது.

தேவி: ராஞ்சேரா பாட்டுகளை எழுதிய ஹோசே அல்ஃப்ரெதோ ஹிமெனெஸுக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது, மெட்டை வாயால் பாடிக் காட்டியே அத்தனை பாட்டும் போட்டார். சவேலாவோடு உட்கார்ந்து குடித்த நண்பர். ஹிமெனெஸ் பாட்டில் ஒரு சொல்லை இழுத்து, பாதியில் நிறுத்தி, கித்தாரை ரெண்டு தட்டு தனியாகப் பேசவிட்டு, கரகரத்த குரலில் முடிப்பார் சவேலா. ஆண்கள் பெண்ணை நினைத்துப் பாடிய வரிகளை மாற்றாமல் அப்படியே பாடிய துணிச்சல் வேறு. இதெல்லாம் அரைகுறையா?

கொம்பன்: அந்தப் பாட்டுகளை ஊரெல்லாம் கொண்டுபோனது டிரம்பெட் வைத்த பதிவுகள். சவேலா பிறந்தது கோஸ்டா ரிக்காவில், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மழைக்காலம்: இப்போ பிறப்புச் சான்றிதழா! ராஞ்சேரா பாடிய ரோசியோ துர்கால் ஸ்பெயினின் மாட்ரிட்காரர். போன மாதம் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது யாராம்?

கொம்பன்: துர்காலுக்குப் பின்னால் டிரம்பெட் இருந்தது.

பொடியன்: பெருசுங்களா, இந்தக் கால மெக்சிகோ இசை பாடும் எஸ்லாபோன் அர்மாதோ குழுவும் பெசோ புளூமாவும் சேர்ந்து பாடிய பாட்டோடு 2023இல் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 4ஆம் இடம் வரை போனார்கள். நீங்கள் இன்னும் டிரம்பெட்டைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

தேவி: தம்பி, அது ஆடுகிற பெண்ணைப் பார்த்து மயங்குகிற பாட்டு. பிரிவைப் பேசும் இடத்தில் அதை எதற்கு இழுக்கிறாய்?

பழைய ரேடியோ: சவேலா எண்பதைத் தாண்டிய வயதில், 2003இல், நியூயார்க்கின் கார்னகி ஹாலில் மேடையேறினார். அது ஞாபகம் இருக்கட்டும்.

கொம்பன்: மேடை ஏறினால் ராஞ்சேரா ஆகிவிடுமா? வடக்கு மெக்சிகோ அக்கார்டியனையும் நீங்கள் இப்படித்தான் போன தடவை இழுத்தீர்கள், நான் பதில் சொன்னதும் காணாமல் போனீர்கள். முதலில் மொபைல் ஸ்பீக்கரை விட்டுவிட்டு நல்ல ஹெட்போனில் டிரம்பெட்டைக் கேளுங்கள்.

மழைக்காலம்: என் ஹெட்போன் விலையைச் சொன்னால் மயக்கம் போட்டு விழுவீர்கள்.

கொம்பன்: விலை இருந்து என்ன, காது வேண்டுமே.