‘முக்கியத்துவம்’ போதாது, இரண்டு சொற்கள் வேண்டும்

தொல்லியலில் ஓர் இடத்தின் ‘significance’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில் ‘முக்கியத்துவம்’, ‘சிறப்பு’, ‘பேண்தகைமை’ என்ற சொற்கள் அடிபடுகின்றன. ‘முக்கியத்துவம்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. பழங்கால எச்சங்கள் புதைந்த ஒரு தொல்லிடத்தைப் பற்றி முடிவெடுக்கும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. இந்த மண்ணுக்குள் என்ன இருக்கிறது, அது யாருக்கு எதைச் சொல்லும் என்பது ஒன்று. சரி, இதைக் காப்பதா, அகழ்ந்து பதிவு செய்தபின் விட்டுவிடுவதா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடுவதால், ‘முக்கியத்துவம் இல்லை’ என்று ஓர் அறிக்கையில் எழுதியதுமே அந்த இடத்தின் கதை முடிந்துவிடுகிறது.

ஆஸ்திரேலியாவில் 1979இல் வந்த, மரபிடங்களைக் காப்பதற்கான வழிகாட்டியான பர்ரா சாசனம் அழகு, வரலாறு, அறிவியல், சமூகம் என்று மதிப்புகளைப் பிரித்தது. 1999 திருத்தத்தில் ஆன்மிக மதிப்பும் சேர்ந்தது. முதலில் மதிப்பை உணர வேண்டும், பிறகுதான் என்ன செய்வதென்ற தீர்மானம். அந்த வரிசை நம் சொற்களிலும் தெரியட்டும்.

‘சிறப்பு’ கோட்டைக்கும் கோபுரத்துக்கும் பொருந்தும். கம்பம் நட்ட குழிக்கு? மரம் மக்கிப்போய் வட்டமாக ஒரு கருங்கறைதான் மிஞ்சியிருக்கும். காய்ந்த மண்ணில் லேசாகத் தண்ணீர் தெளித்தால் நிற வேறுபாடு எழுந்துவரும். அப்படிப் பத்துக் கறைகள் வரிசையாக அமைந்தால் ஒரு வீட்டின் நீள அகலமே கிடைத்துவிடும். அதைப் பார்த்துச் ‘சிறப்பு’ என்று சொல்ல வாய் வராது. ‘பேண்தகைமை’ எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் இலங்கையில் ‘பேண்தகு அபிவிருத்தி’ என்று ஏற்கெனவே ‘sustainable’ என்ற வேறு பொருளில் வேரூன்றிவிட்டது.

என் பரிந்துரை: முதல் கேள்விக்கு ‘தொல்லிடப் பெறுமானம்’, இரண்டாவதற்குக் ‘காப்புத்தகுதி’.

பெறுமானம் என்றால் காசு வாடை அடிக்கிறதே என்பீர்கள். அடிக்கட்டும், அது ஏறி இறங்கும் என்பதையும் அந்தச் சொல் சேர்த்தே சொல்கிறது. 1949இல் கரிமக் காலக்கணிப்பு, அதாவது எஞ்சிய கதிரியக்கக் கரிமத்தை அளந்து வயது சொல்லும் முறை, வரும்வரை அடுப்புக்கரித் துண்டை வைத்து ஆண்டு சொல்ல வழியில்லை. அப்புறம் அதே கரிதான் முதல் சான்றாயிற்று. அகழ்வது என்பதே அழிப்பதும்தான். தோண்டிய மண்ணடுக்கைத் திரும்ப அடுக்க முடியாது. அதனால்தான் எல்லாவற்றையும் இன்றே தோண்டாமல் ஒரு பகுதியை வருங்காலத்துக்கு விட்டுவைக்கிறார்கள்.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: ‘இவ்விடத்தின் பெறுமானம் இன்னும் முழுமையாகத் தெரியவில்லை, ஆயினும் அடுக்குகள் குலையாமல் இருப்பதால் காப்புத்தகுதி உண்டு.’ முக்கியத்துவத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதை எழுத முடியவில்லை.